கோபாலும் கடற்பாலமும்

ஜொகூர் பாருவில் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்தால் நீங்கள் தனி ஆள் இல்லை. ஜேபி சென்ட்ரல் நடைபாதையில் அந்நேரத்துக்கே கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கையில் கடப்பிதழ், மறு கையில் பொட்டலமாகக் கட்டிய நாசி லெமாக். காலை நிகழ்ச்சி நடத்தும் எனக்கு வரும் முதல் குறுஞ்செய்திகளில் பாதி இந்தக் கூட்டத்திலிருந்துதான் வரும். "அக்கா, பாலத்துல நிக்கிறேன். ஒரு ராஜா சார் பாட்டு போடுங்க."

முன்பெல்லாம் இப்படி எழுதியவர்கள் தொழிற்சாலை, துறைமுகம், பாதுகாவல் வேலைக்குப் போகிறவர்கள். இப்போது முதுகுப்பையில் மடிக்கணினியோடு நிற்கும் மென்பொருள்காரர்களும் நிறையவே சேர்ந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், பெற்றோர்களிடமிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "எங்க பிள்ளைக்கு எந்தக் கணினி மொழி சொல்லிக் கொடுக்கலாம்? பைத்தானா, ஜாவாவா? எதுல எதிர்காலம் இருக்கு?" நான் படித்தது ஊடகத் துறை. எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களைத் தேடி, ஒரு வார இறுதியில் ஜொகூருக்குப் பேருந்து ஏறினேன்.

ஒரு கிலோமீட்டர் தூரம்

ஜொகூர் கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வேகமாக நடந்தால் கால் மணி நேரம். 1942 ஜனவரி கடைசி நாளில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜப்பானியரைத் தடுக்க இதன் ஒரு பகுதியைக் குண்டு வைத்துத் தகர்த்தது. பின்னர் சரிசெய்யப்பட்டு, இன்றுவரை உலகின் மிகப் பரபரப்பான எல்லைச் சாலைகளில் ஒன்றாக இருக்கிறது. 1998-இல் துவாஸ் பக்கம் இரண்டாவது பாலம் வந்த பிறகும் நெரிசல் குறைந்தபாடில்லை.

இந்த ஒரு கிலோமீட்டரின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஷட்டல் தெப்ராவ் ரயிலின் டிக்கெட்டைப் பார்த்தால் போதும். ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் போக 5 ரிங்கிட். அங்கிருந்து திரும்பி வர 5 வெள்ளி. அதே பெட்டி, அதே ஐந்து நிமிடப் பயணம். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். விடியற்காலையில் இத்தனை பேர் எதற்காக ஓடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

"யாருப்பா அந்த கோபால்?"

ஸ்கூடாய் பக்கம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது நான் போன முதல் வீடு. அண்ணனுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை. என்ன மொழியில் எழுதுகிறார் என்று கேட்டேன். "கோபால்" என்றார்.

உள்ளே இருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார். "நீயாவது கேளும்மா. யாரு அந்த கோபால்? இருபது வருஷமா அவனோடதான் வேலைங்கிறான். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சோறு போட்டதில்ல."

கோபால் 1959-இல் உருவான கணினி மொழி. வணிகக் கணக்குக்கென்றே அமெரிக்காவில் ஒரு குழு கூடி வடிவமைத்தது. ஏறத்தாழ ஆங்கில வாக்கியம் போலவே படிக்கலாம். இதைக் கூட்டு, அதில் போடு, இல்லையென்றால் நிறுத்து என்று நீளமாகப் போகும். பைத்தான் வந்தது 1991-இல். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995-இல். இளம் நிரலாளர்களுக்குக் கோபால் என்றால் தாத்தா காலத்துப் பேச்சு. இருந்தும் உலகம் முழுக்கப் பல வங்கிகளின் அடித்தளக் கணக்கு இன்னும் அதில்தான் ஓடுகிறது.

ஏன் மாற்றவில்லை? அண்ணன் தம் மடிக்கணினியில் பைத்தானைத் திறந்து 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னார். விடை 0.3 வரவில்லை. 0.30000000000000004 என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணினி தவறு செய்யவில்லை என்றார் அவர். கணினி எண்களை இரண்டின் அடுக்காக வைத்துக்கொள்கிறது. நம்முடைய பத்தில் ஒரு பங்கை அப்படி முழுதாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போகிறோமே, அதுபோல. விளையாட்டுச் செயலியில் இந்தத் துளி வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கோடிக்கணக்கான வட்டிக் கணக்குகளில் சேர்ந்தால் தெரியும். கோபால் தொடக்கத்திலிருந்தே நாம் தாளில் எழுதுவது போலப் பத்தின் அடுக்கிலேயே காசைக் கணக்கிடும். பைத்தான், ஜாவா போன்றவற்றிலும் இதற்குத் தனி வழிகள் உண்டு. ஆனால் அந்த வழியைப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மொழிய மூணு மாசத்துல கத்துக்கலாம்மா. ஒரு சென் எங்க தொலையும்னு தெரிஞ்சுக்கத்தான் வருஷக்கணக்காகும்" என்றார் அண்ணன். பிற்பாடு அவரும் ஜாவா கற்றார், பைத்தானும் கற்றார். சிரமமாக இல்லையாம். "வீட்ல தமிழ், பள்ளியில மலாய், பசார்ல மண்டரின், ஆபீஸ்ல ஆங்கிலம். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு மொழி மாத்துறது புதுசா என்ன?"

அவர் சொன்னபோது எனக்கு முத்து நெடுமாறன் நினைவுக்கு வந்தார். மலேசியத் தமிழரான அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985-இல் வந்தது. 2005-இல் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கணினியின் வடிவம் மாறியது, இயங்குதளம் மாறியது, எழுத்துக் குறியீட்டு முறையும் மாறியது. தமிழ் எழுத்து திரையில் சரியாக வரவேண்டும் என்ற வேலை மட்டும் மாறவில்லை. ஒரு வேலையை விடாமல் பிடித்துக்கொண்டவருக்குக் கருவிகள் வந்து போய்க்கொண்டே இருக்கும்போலும்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆண்டு

மொழியைப் பற்றி உற்சாகமாகப் பேசிய அண்ணன், வேலை வாழ்க்கை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

2020 மார்ச் 18-ஆம் தேதி எல்லை மூடியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாள், வேலையா வீடா என்று ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் பாலத்தில் கூட்டம் அலைமோதியது. அண்ணன் மடிக்கணினியோடு இந்தப் பக்கம் தங்கினார். இரண்டு ஆண்டு சாப்பாட்டு மேசையிலிருந்தே வேலை பார்த்தார். வங்கிக் கணக்கில் ஒரு சென்னும் தொலையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்பவர். அவருடைய வேலையை மேசைக்குக் கொண்டுவர முடியாது. அவர் அந்தப் பக்கம் போய்த் தங்கினார். கைக்குழந்தை நடக்கத் தொடங்கியதைக் கைப்பேசியில்தான் பார்த்தார்.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மீண்டும் முழுமையாகத் திறந்தபோது ஊரே கொண்டாடியது. அண்ணனும்தான். பிறகு அலுவலகம் வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வரச் சொன்னது. கதவிலிருந்து மேசை வரை போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரத்துக்கு 12 மணி. ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்தால் 576 மணி. நாளாக மாற்றினால் 24 முழு நாள். அவருக்குக் கிடைக்கும் ஆண்டு விடுப்பு 18 நாள். ஐந்து நாளும் போகிறவருக்கு இதே கணக்கில் 40 நாள். இரவும் பகலும் சேர்த்து நாற்பது நாள்.

"என்னைக் கேட்டா, கோபாலை விட இந்தக் கணக்குத்தாம்மா கஷ்டம்" என்றார். பெரிய மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அவள் தொடக்கப்பள்ளிக்குப் போன ஆறு ஆண்டில், முதல் நான்கில் காலையில் அவளைச் சீருடையில் பார்த்தது குறைவு என்று அண்ணியார் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்.

செம்பனை நின்ற இடத்தில்

மறுநாள் வடக்கே கூலாய், செடனாக் பக்கம் போனேன். வழியெல்லாம் செம்பனை. நடுநடுவே சன்னல் குறைந்த, பெட்டி பெட்டியான வெள்ளைக் கட்டடங்கள். இவை தரவு மையங்கள். நம் படங்களும் பணப் பரிமாற்றங்களும் செயற்கை நுண்ணறிவின் கணக்குகளும் ஓடும் இடங்கள். வைடிஎல் நிறுவனத்தின் தரவு மைய வளாகம் எழும் நிலம் முன்பு கூலாய் யங் தோட்டம். 2023 டிசம்பரில் என்விடியா நிறுவனம் அதனோடு கூட்டு அறிவித்தபோது கூலாயின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது.

இவை ஏன் இங்கே வந்தன? 2019-இல் சிங்கப்பூர், நிலமும் மின்சாரமும் கருதி, புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. பக்கத்தில் இடமும் மின்சாரமும் இருந்தது ஜொகூரில். தூரம் ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். செடனாக்கிலிருந்து சிங்கப்பூருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும், ஒரு தகவல் போய்ச்சேர வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குக் கடப்பிதழும் தேவையில்லை.

இப்படி ஒரு மையத்தில் வேலை செய்யும் தம்பியைக் கூலாயில் ஓர் ஒட்டுக்கடையில் சந்தித்தேன். இருபத்தாறு வயது. குளிரூட்டும் இயந்திரங்களின் வெப்ப அளவைக் கண்காணிக்கும் நிரல்களைப் பைத்தானில் எழுதுகிறார். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். சம்பளம் 5,000 ரிங்கிட். அவர் கையில் சிங்கப்பூரிலிருந்து வந்த வேலைக் கடிதம் ஒன்று இருந்தது. அங்கே 5,000 வெள்ளி. எண் ஒன்றுதான்.

"நான் எழுதுற மாதிரி நிரலெல்லாம் ஓடுறதுக்கு இங்க வருது அக்கா. எழுதுற ஆளை மட்டும் அங்க கூப்பிடுறாங்க" என்று சிரித்தார். தரவு மையம் கட்டும்போது ஆயிரம் கைகள் வேண்டும். கட்டி முடித்த பிறகு உள்ளே வேண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். நிரல் எழுதும் நல்ல வேலைகள் அதனோடு தானாகவே வந்துவிடுவதில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் அதை மாற்றும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். தம்பியும்தான். ஆனால் கடிதத்துக்கு அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அப்பா போகச் சொல்கிறார். வீட்டுக் கடன் ஐந்து ஆண்டில் தீர்ந்துவிடும். அம்மா தயங்குகிறார். தாத்தா கூலாய்ப் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். "உங்க தாத்தா விடியுமுன்னே பெரட்டுக்கு நின்னாரு. நீ படிச்சது பாலத்துல நிக்கிறதுக்கான்னு அம்மா கேக்குறாங்க அக்கா. அப்பா சொல்றதும் தப்பில்ல."

இருவர் சொல்வதும் சரிதான். அதனால்தான் அது கடினமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை

திரும்பும் நாள் காலை ஜாலான் உங்கு புவானில் சுற்றினேன். ராஜமாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடை, இலைச் சாப்பாட்டுக் கடைகள், நகைக்கடைகள். குடும்பம் குடும்பமாக மக்கள். இதுவும் புதிய காட்சிதான். 2014 முதல் ஜொகூரில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கோ சனி, ஞாயிறு. வாரத்தில் சனி ஒன்றுதான் எல்லாரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள். 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அண்ணன் வீட்டில் ஞாயிறு காலைகளில் இப்போது இட்லிப் பானை பெரியது என்றார் அவருடைய அம்மா.

புக்கிட் சாகாரில் ஆர்டிஎஸ் ரயில் நிலையம் ஓங்கி நிற்கிறது. உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். அது நாற்பது நாளைப் பாதியாகக் குறைத்தாலே பல வீடுகளில் வரப்பிரசாதம்.

பெற்றோர்களே, உங்கள் கேள்விக்கு நான் கொண்டுவந்த பதில் இதுதான். பிள்ளை பைத்தானில் தொடங்கட்டும், எளிது. பிறகு எதற்குப் போனாலும் பரவாயில்லை. ஒரு வேலையை ஆழமாகத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கோ, குளிரூட்டும் இயந்திரமோ, தமிழ் எழுத்தோ, ஏதாவது ஒன்று. மொழிகள் பின்னாலேயே வரும். வேலைக் கடிதம் வரும் நாளில் குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். சம்பளம் எழுதியிருக்கும் வரிக்குக் கீழே நீங்களே பேனாவால் இன்னொரு வரி எழுதுங்கள்: வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசை வரை எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை நாள். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். போவதும் சரி, இருப்பதும் சரி. கணக்குப் பார்க்காமல் போகவேண்டாம்.