வெறும் தண்ணீரும் சூடாகும்

ஆய்வகத்தில் முதல் மாதம் முழுக்க நான் அளந்தது காந்த நானோ துகள்களின் வெப்பத்தை அல்ல, வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் வெப்பத்தை. காயிலுக்குள் குப்பியை வைத்து மாறுதிசை காந்தப்புலத்தைப் போட்டதும் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேஜை சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "துகள் போடாம வெறும் தண்ணிய வச்சுப் பாத்தியா?" என்றார். வைத்தேன். அதுவும் ஏறியது. உலோகக் கம்பியில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து கம்பியே சூடாகிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காயில் பக்கம் உலோகம் போவதில்லை. நுனியில் கேலியம் ஆர்சனைடு படிகம் ஒட்டிய கண்ணாடி இழை வெப்பமானிதான். அதிலும் வெறும் தண்ணீரை முதலில் அளக்காமல் வேலை தொடங்குவதில்லை. மின்னோட்டம் ஓடும் செம்புக் குழாய் சுருளும் சூடாகி, அந்தச் சூட்டைக் குப்பிக்குக் கடத்திவிடும்.

இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைப் புற்றுநோய்க் கட்டிக்குள் செலுத்தி, வெளியே காந்தப்புலத்தை ஆட்டிக் கட்டியை மட்டும் சூடேற்றுவது பழைய எண்ணம். 1957இல் கில்கிறிஸ்ட் குழுவினர் நிணநீர் முடிச்சுகளில் இதைச் செய்து காட்டினார்கள். பெர்லினில் ஆந்த்ரேயாஸ் யோர்டான் வளர்த்தெடுத்த முறை, மூளைக் கட்டிக்கான சிகிச்சையாக 2010இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. வேண்டிய சூடு ஏறக்குறைய 42 முதல் 45 டிகிரி. 43க்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சிகிச்சைக்குத் தேவையான நேரம் பாதியாகக் குறையும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. ஒரு டிகிரி பிசகினால் அது சின்னப் பிசகு இல்லை.

ஆனால் துகள் எவ்வளவு சூடு தரும் என்ற எண்ணை நாங்கள் சொல்வது எந்த வெப்பநிலையில்? அறை வெப்பநிலையில். ஒரு மில்லி நீரில் 5 மில்லிகிராம் இரும்பு, புலம் போட்டதும் நொடிக்கு 0.1 டிகிரி ஏற்றம் என்று வையுங்கள். நீரின் தன்வெப்பம் 4.18. கணக்குப் போட்டால் கிராம் இரும்புக்கு சுமார் 84 வாட். இதை 25 டிகிரியில் எடுத்துவிட்டு, நோயாளியின் உடம்புக்குள்ளும் இதே 84 என்று நம்புகிறோம்.

ஆனால் 40 டிகிரியை நெருங்கும்போது வெப்பநிலையின் ஏற்றக்கோடு படுக்கத் தொடங்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். கோடு படுப்பது துகள் சோர்ந்ததாலா, குப்பியிலிருந்து சூடு வெளியே கசிவதாலா? கோட்டை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஸரகோசாவில் ஒரு குழு கசிவையே அடைக்கும் கருவியைக் கட்டி, 2008இல் வெளியிட்டது. அந்த வசதி இல்லாத எங்களுக்கு ஓர் எளிய வழி உண்டு: புலத்தைப் போடு, அணை, மறுபடி போடு, அணை. 40 டிகிரியைக் கடக்கும்போது ஏறும் வேகம் நொடிக்கு 0.05, அணைத்தபின் அதே 40இல் இறங்கும் வேகம் 0.03 என்றால், இரண்டையும் கூட்டினால் 0.08. கசிவு இரண்டு பக்கமும் ஒன்றே, கணக்கிலிருந்து அதுவாகக் கழிந்துவிடும். மிஞ்சும் 67 வாட்தான் 40 டிகிரியில் துகள் தருவது. வெறும் ஏற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் 42 என்று எழுதியிருப்பேன்.

இதற்குப் பொறுமை வேண்டும். வெப்பமானி சூட்டை உணரச் சில நொடி பிடிக்கும், அந்த நொடிகளைத் தள்ளிவிட வேண்டும். குப்பியின் மேல்பகுதி சூடாகவும் அடி குளிராகவும் இருக்கும். கலக்கினால் சரியாகும், ஆனால் காந்தக் கலக்கியை இங்கே யார் போடுவது!

சூடு ஏறினால் எல்லாத் துகளும் சோர்வதும் இல்லை. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால்தான் ஆட்டம் கூடும். துகளின் காந்தம் திசை திரும்பும் தளர்வுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு, சூடு ஏறினால் அது வேகமாகும். ஏற்கெனவே புலத்தைவிட வேகமான சிறு துகள் இன்னும் விலகிப்போய்க் குறைவாகச் சூடாக்கும். மந்தமான பெரிய துகளோ தாளத்தை நெருங்கிக் கூடுதலாகத் தரலாம். 20இலிருந்து 40 டிகிரிக்குப் போனால் நீரின் பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, துகள் உடலோடு சுழல்வது அவ்வளவுக்கு எளிதாகிறது. செல்லுக்குள் போய் ஒட்டிக்கொண்ட துகளுக்கோ அந்தச் சுழற்சியே இல்லை. அதனால் துகளை அகார் கூழில் உறையவைத்தும் ஒரு முறை அளப்பேன்.

21 ஐரோப்பிய ஆய்வகங்கள் ஒரே துகள்களை அளந்து 2021இல் முடிவை வெளியிட்டன. ஒவ்வோர் ஆய்வகத்துக்குள்ளும் எண்கள் சீராகவே வந்தன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் 30 முதல் 40 சதவீதம் வரை சிதறின. எனக்கு வியப்பில்லை.

துகள் செய்து எங்களிடம் அளக்க அனுப்பும் நண்பர்களே, உச்ச எண் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். 37இலும் 43இலும் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.