இரவு அடுப்புக்கு லீவு: தூங்கா நகரத்தில் வீட்டோடு ஒரு கோடை

மே மாத மதியம் இரண்டு மணிக்கு மதுரையில் தார் ரோடு மின்னும். பள்ளிக்கூடம் லீவு. ஃபேன் அனல் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும். அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் அந்தப் பேச்சு கிளம்பும்: "எங்கேயாவது போலாம்ப்பா."

எங்கேயாவது என்றால் மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் போதும், குளிரும். ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அந்த அளவுக்கு அங்கே கூட்டம். மலைப்பாதையில் வண்டிகள் வரிசையில் நிற்க, பின் சீட்டில் குழந்தை வாந்தியெடுக்க, ரூம் வாடகையைக் கேட்டு அப்பா முகம் மாற, இரண்டு நாள் ஓய்வுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடப்பது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன கதை.

அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாமே? மதுரையில் இது லேசுப்பட்ட யோசனை இல்லை. வீட்டில் உட்காரவே தெரியாத ஊர் இது. பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி வர்ணிக்கும் காலத்திலிருந்தே ராத்திரியில் வெளியே சுற்றிய ஊர். சித்திரை வீதி, ஆடி வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தெருவுக்கு மாதத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கில் வாசலுக்கு வா என்று கூப்பிடும் வீதிகள்.

அந்த ஊரே ஒரு சித்திரையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது.

போனில் வந்த கல்யாணம்

2020 மே 4. மீனாட்சி திருக்கல்யாணம். மற்ற வருஷங்களில் அன்றைக்கு ஆடி வீதிகளில் நிற்க இடம் இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போவது போலவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவார்கள், சாப்பிடுவார்கள், மொய் எழுதுவார்கள். மாங்கல்யம் ஏறும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வார்கள்.

கொரோனா ஊரடங்கில் அந்த வருஷம் கோயிலுக்குள் பட்டர்கள் சிலர் மட்டும் கல்யாணத்தை நடத்தினார்கள். ஊர் அதை இணையத்தில் பார்த்தது. பூஜை அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, வீட்டில் இருந்தபடியே பெண்கள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அடுப்படியில் பாயசம் கொதித்தது. ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துக்குள் நின்று முன்னால் இருப்பவர் தலையையே தரிசித்த பாட்டிகளுக்கு அன்றைக்குத்தான் மணக்கோலத்தில் அம்மனின் முகம் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. அதே சித்திரையில் கள்ளழகரும் வைகையில் இறங்கவில்லை. 2021-லும் திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல்தான் நடந்தது. 2022-ல்தான் விழா மீண்டும் வீதிக்கு வந்தது.

அந்த நாட்களை ஓய்வு என்று சொன்னால் அடி விழும். 2020 ஜூன் 24-லிருந்து ஜூலை பாதி வரை மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு போட்டார்கள். தினக்கூலி இல்லாமல் உலை வைக்க முடியாத வீடுகள் இருந்தன. ஒரே அறையில் ஆறு பேர் இருந்த லைன் வீடுகள் இருந்தன. பயந்துபோய் அடைந்து கிடப்பது வேறு, விரும்பி வீட்டில் இருப்பது வேறு. ஆனாலும் அந்தக் கட்டாயத்தில் பல குடும்பங்கள் தங்கள் வீட்டையே ஒருமுறை சுற்றிப் பார்த்தன. முக்கியமாக, வற்றலும் துணியும் மட்டும் காய்ந்துகொண்டிருந்த மொட்டை மாடியை.

மாடியில் ஒரு மலை

மதுரை மொட்டை மாடிகளுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் சமவெளி, ஆனால் சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். ஒத்தக்கடைப் பக்கம் மாடியேறினால் படுத்திருக்கும் யானைமலை. பசுமலை, திருநகர் பக்கம் திருப்பரங்குன்றம். நாகமலை புதுக்கோட்டையில் நீண்டு கிடக்கும் நாகமலை. ஊருக்கு நடுவே இருப்பவர்களுக்குக் கோபுரங்கள். டிக்கெட் இல்லாமல், பாஸ் இல்லாமல், பாதி ஊருக்கு ஒரு மலையோ கோபுரமோ உண்டு. தினமும் துணி எடுக்கப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து வாளித் தண்ணீரைத் தளத்தில் கொட்டினால் ஆவி பறக்கும். ஏழு மணிக்கு இன்னொரு முறை. எட்டு மணிக்குப் பாய் விரிக்கலாம். பௌர்ணமிக்கு நிலாச்சோறு. ஒரே சட்டியில் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த கைகளில் பாட்டி உருண்டை உருண்டையாக வைப்பார். தட்டு கிடையாது, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் கிடையாது. உருண்டை நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொள்வதில்தான் பிள்ளைகளுக்குள் போட்டி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். அங்கே மாடிக் கதவில் பூட்டுத் தொங்கும். தண்ணீர்த் தொட்டி, பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரி, பெரியவர்கள் கூட இருக்க, கதவைத் திறந்துவிட்டால் என்ன? கொடைக்கானலுக்கு இ-பாஸ் கேட்பதை விட, சங்கச் செயலாளரிடம் மாடிச் சாவி கேட்பது சுலபமாகத்தான் இருக்க வேண்டும்.

தாயம் விழுந்தால்தான் இறங்கலாம்

மாடிக்குப் போனதும் பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் போனைத்தான் தேடுவார்கள். அதற்கு மாற்று பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. நான்கு பட்டையாக நீளமாக இருக்கும் இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒரு பட்டையில் ஒன்றும் இருக்காது. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உருட்டி ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. இரண்டு கட்டையும் வெறும் பட்டையைக் காட்டினால் பன்னிரண்டு. ஒன்றுமே இல்லாததற்குத்தான் அதிக மதிப்பு என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். எதிராளியின் காயை வெட்டாமல் பழம் ஏற முடியாது என்பதால், சாதுவான அத்தைகள்கூட இந்த ஆட்டத்தில் இரக்கம் பார்ப்பதில்லை.

மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கீழடி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த வைகைக்கரைக் குடியிருப்பில் தோண்டியபோது செங்கல் சுவர், உறைகிணறு, பெயர் கீறிய பானை ஓடு இவற்றோடு தந்தத்தில் செய்த பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய கட்டடம். வீட்டோடு இருக்கிற விடுமுறையில் ஒரே ஒரு முறை வெளியே போவதென்றால் இங்கே போகலாம். காலையில் போய் அந்தப் பகடையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் வீடு திரும்பி, அன்றைக்கு ராத்திரியே கட்டையை உருட்டினால், வரலாற்றுப் பாடம் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

பல்லாங்குழிக்குக் காய்தான் பிரச்சினை என்பார்கள். மாசி, பங்குனியில் வருஷப் புளியை உட்கார்ந்து கொட்டை எடுக்கிற வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் அள்ளிக்கொள்ளலாம். மரப்பலகை இல்லாவிட்டால் மாடித் தளத்தில் சாக்பீஸ் வட்டம் போதும்.

ஒரு முழம் யார் கை முழம்?

கைவேலை என்றவுடன் ஆன்லைனில் கிட் ஆர்டர் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மதுரையில் அது வேண்டியதில்லை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி, பக்கத்து ஊர்த் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கப்பட்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டையாக வருகிறது. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை கையைச் சுடும். கோடையில் செடி நன்றாகப் பூக்கும். முகூர்த்த நாளாகப் பார்க்காமல் போனால் உதிரியாகக் கால் கிலோ வாங்கி வரலாம், கூடவே வாழைநார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு இறுக்கு. பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கும். முதல் நாள் பிள்ளைகள் கட்டுவது பாதி வழியிலேயே உதிரும். அதிகமாக இறுக்கினால் காம்பு அறுந்து போகும். நான்காம் நாள் விரலுக்குப் பழகிவிடும். பையன்களையும் உட்கார வைக்கலாம். மதுரை வீதிகளில் மின்னல் வேகத்தில் பூ கட்டும் ஆண்கள் ஏராளம். மதியம் கட்டி ஈரத்துணியில் வைத்தால் ராத்திரி மாடியில் எல்லாம் விரிந்து மணக்கும். கட்டி முடித்ததும் அளப்பதில் சண்டை வரும். பாட்டி கை முழமா, பேத்தி கை முழமா என்று.

சுங்குடியையும் இப்படி வீட்டில் தொட்டுப் பார்க்கலாம். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டிலிருந்தே துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கியபின் அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். பழைய வேட்டித் துண்டுக்குள் ஒரு பயறை வைத்துக் கட்டி மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் அந்தச் சூட்சுமம் பிள்ளைகளுக்குப் பிடிபடும். பத்துப் புள்ளி போடுவதற்குள் விரல் வலிக்கும். ஆயிரக்கணக்கில் புள்ளி உள்ள கை முடிச்சுப் புடவை ஏன் அந்த விலை விற்கிறது என்று அப்புறம் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் தாத்தா வீடு உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே வேப்பமரத்தடியும் பம்புசெட்டும் வீட்டோடு சேர்ந்த இடங்கள். நுங்கு தின்றபின் இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்தால் வண்டி தயார். கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருவைச் சுற்றலாம்.

யாருக்கு லீவு?

இவ்வளவும் சரி. ஆனால் "இந்த லீவுக்கு வீட்டிலேயே இருப்போம்" என்று அப்பா அறிவிக்கும்போது அம்மா முகத்தைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் வீட்டில் இருந்தால் நாலு தடவை காபி, மூன்று வேளை சமையல், நடுவில் பஜ்ஜி, பிறகு பாத்திரம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். நிலாச்சோறும் நன்றாகத்தான் இருக்கும். பிசைந்த சட்டியைக் கழுவுவது யார்? கொடைக்கானலில் எதுவும் இல்லாவிட்டாலும் அங்கே அடுப்பு இல்லை. பல அம்மாக்கள் மலைக்குப் போக ஆசைப்படுவது குளிருக்காக மட்டும் அல்ல.

இந்த இடத்தில்தான் வெளியே சுற்றும் மதுரை, வீட்டோடு இருப்பவர்களுக்கு உதவிக்கு வருகிறது. சாயங்காலம் ஆனால் தெருமுனையில் இட்லிச் சட்டி ஆவி விடும். வாழை இலையில் சுடச்சுட இட்லி, மூன்று நான்கு சட்னி. இன்னும் கொஞ்ச நேரத்தில் பரோட்டாக் கல் தட்டும் சத்தம். கறிதோசை வேண்டுமானால் அதுவும். அப்பாவும் பிள்ளைகளும் தூக்குவாளியோடு போய்ச் சால்னா வாங்கி வரலாம்; பிளாஸ்டிக் பை மிச்சம். இலையில் சாப்பிட்டால் கழுவத் தட்டும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு இட்லி வாங்கும் காசு, மலை மேல் கார் நிறுத்தும் நேரத்தில் வாங்கும் சோளத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆகும் காசைத் தாண்டாது. ஜிகர்தண்டாவைக்கூடப் பிள்ளைகளே கலக்கட்டும். முந்தின ராத்திரி பாதாம் பிசினை ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கும். குளிர்ந்த பால், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அடுப்பு பற்றவைக்கும் வேலை பால் காய்ச்சுவது மட்டும்தான்.

தினமும் கடைச் சாப்பாடு உடம்புக்கும் பர்ஸுக்கும் ஆகாது. ஆனால் விடுமுறை என்று பெயர் வைத்த நாளிலாவது இரவு அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவும் பாயில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாயக்கட்டத்தில் நான்காவது ஆள் எப்போதும் அவர்தான் குறைவார்.

பத்தரை மணி வாக்கில் காற்று திரும்பும். கரன்ட் போனால் தெருவே மாடிக்கு வந்துவிடும், எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது, "என்ன அத்தை, தாயம் விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். அப்படியே தூங்கிப் போகலாம். ஆனால் மதுரை வெயில் காலை ஆறரைக்கே முகத்தில் அடித்து எழுப்பிவிடும். அந்த நேரத்துக்குக் காபி யார் போடுவது என்பதை முந்தின ராத்திரியே பேசி முடித்துவிடுவது நல்லது.