எலுமிச்சம்பழமும் டயரும்

"வண்டிக்குப் பூஜை போட்டாச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு. இனிமே என்ன பயம்?" என்று சிரித்தார் என் கணவர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "இந்த தேசத்துக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, ஆபீசையும் வீட்டையும் தவிர என்னத்தைப் பார்த்தோம்?" என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு வீட்டு வண்டியை வாங்கிவிட்டார். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இதற்கென்று தனி எஞ்சின் கிடையாது. பிக்கப் லாரியின் பின்தட்டில், பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு கொக்கியைப் பொருத்தி, அதில் மாட்டி இழுக்க வேண்டும். 'ஃபிஃப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்று பெயர். அந்தக் காலத்துக் குதிரை வண்டியில், முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வசத்தில் ஒரு வளையம் இருக்குமாம். நாலு சக்கரத்துக்கு மேல் அது ஐந்தாவது. அந்தப் பெயர்தான் இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

எங்களுடையது புது வண்டி இல்லை. 2015 மாடல். முதலில் வைத்திருந்தவர் இரண்டு மூன்று தடவை ஓட்டிவிட்டு, திறந்த வெளியில் வருஷக்கணக்காக நிறுத்திவிட்டார். மார்ச் மாதம் வாங்கும்போதே நான் கேட்டேன்: "ஏங்க, டயர் எல்லாம் நல்லா இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "பட்டன் புதுசா இருக்கு பார். கொஞ்சம்கூடத் தேயலை. உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார்.

அதோடு என் வாய் மூடிக்கொண்டது.

கோயிலில் சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில், தண்ணீர் வற்றிய வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள். மயிரிழைதான், ஆனால் சுற்றிலும் இருந்தது. சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். 'உனக்குத் தெரியாது' என்று மறுபடியும் கேட்டுக்கொள்ள வேண்டாமே என்று விட்டுவிட்டேன். குங்குமத்தை அந்த வெடிப்பின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். கூடவே ஆறு வயதுப் பேத்தி. நியூ மெக்ஸிகோவில் கார்ல்ஸ்பாட் குகைகளையும், அப்புறம் வெள்ளை மணல் பாலைவனத்தையும் அவளுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. ராத்திரி வழியில் தங்கிவிட்டு, இரண்டாம் நாள் பகல் ஓசோனா ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். மேற்கு டெக்ஸாஸில் அந்த நெடுஞ்சாலையில் மணிக்கு 80 மைல் வரை போகலாம் என்று பலகையே போட்டிருக்கிறார்கள். அவர் 75இல் போனார். வெளியே அனல். இரு பக்கமும் பொட்டல்.

"பாட்டி, எனக்குப் போர் அடிக்குது. நான் பின்னாடி வீட்டுல போய்ப் படுத்துக்கட்டுமா? நீயும் வா பாட்டி, ப்ளீஸ்!" என்று பேத்தி கெஞ்ச ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். இடுப்பு வலி. சாப்பாட்டு மேஜைப் பக்கத்து மெத்தை பெஞ்சில் குழந்தையோடு ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டால் தேவலை போல இருந்தது. "அடுத்து நிறுத்தறப்போ கேட்கலாம்" என்று அவளிடம் சொல்லியும் விட்டேன். அவர் மட்டும், "ஓடற வண்டியில பின்னாடி ஆள் உட்காரக் கூடாது. பல மாநிலத்துல சட்டமே அப்படித்தான்" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். 'என்ன பிடிவாதம் இந்த மனுஷருக்கு' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் வந்த பெரிய லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் கையை நீட்டிப் பின்னால் காட்டினார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஓர் ஆட்டமும் தெரியவில்லை! இத்தனை கனமான வண்டியை இழுக்கும்போது பின்னால் டயர் வெடித்தால்கூடச் சில சமயம் முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாதாம். கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் கறுப்புக் கறுப்பாக ரப்பர் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன. அவர் பதறவில்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தை மெள்ள மெள்ளக் குறைத்து ஓரம் கட்டினார். அந்தச் சாமர்த்தியத்துக்கு இன்றைக்கும் அவருக்குக் கை கூப்புகிறேன்.

கதவைத் திறந்து உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கிழிந்த டயர் சாட்டை மாதிரி சுழன்று அடித்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தரையையே பிளந்திருந்தது. ஒயர்கள் அறுந்து தொங்கின. மெத்தை பெஞ்சின் அடிப்பலகை சிம்பு சிம்பாகப் பெயர்ந்திருந்தது. நானும் குழந்தையும் படுத்துக்கொள்ள நினைத்த அதே பெஞ்ச்! கால் துவண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெடிப்பைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டதும் ஞாபகம் வந்தது.

ஹாரன் அடித்த அந்த லாரிக்காரரே இறங்கி வந்து ஸ்டெப்னி மாட்ட உதவினார். புண்ணியவான்! ஊர்ந்து ஊர்ந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். டயர் கடையில் என் வயசு ஒத்த ஓர் அம்மாள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இந்த டயருக்கு வயசு என்ன?" என்பதுதான். நாங்கள் விழித்தோம். டார்ச் விளக்கை என் கையில் கொடுத்து, வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னார். டயரின் உள்பக்கத்தில், 'டி.ஓ.டி.' என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள்: 3114. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2014ஆம் வருஷத்து 31ஆவது வாரத்தில் பிறந்த டயர்! ஏறக்குறைய எட்டு வயசு. வெளிப்பக்கம் பார்த்தால் முழு எண்ணும் இருக்காது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் முழுசாக அச்சடித்திருப்பார்களாம்.

"ஓடாமல் நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்" என்றார் அந்த அம்மாள். எனக்குச் சுரீரென்றது. குக்கர் கேஸ்கட்! ஊருக்குப் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பினால், குக்கரை உபயோகிக்கவே இல்லையென்றாலும் கேஸ்கட் இறுகி வெடித்திருக்கும். நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். கேஸ்கட்டுக்குத் தெரிந்த நியாயம் டயருக்குத் தெரியாமல் போயிற்றே! இந்த மாதிரி இழுவை வண்டிகளில் பட்டன் தேய்வதற்கு முன்னாலேயே வெயிலும் வயசும் டயரைத் தின்றுவிடுகின்றன. ஐந்து ஆறு வருஷத்தில் மாற்றிவிடுவது நல்லது என்கிறார்கள்.

அன்றைக்குத் தெரிந்துகொண்டது அது ஒன்று மட்டும் இல்லை. எங்கள் தப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதல் தப்பு காற்று. "வெயில்ல காத்து விரியும், கொஞ்சம் கம்மியாவே வைப்போம்" என்று அவர் குறைத்து வைத்திருந்தார். நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நேர் எதிர்! காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுகிறதே, அதுபோலச் சூடு ஏறுகிறது. அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. தாங்கக்கூடிய எடையும் குறைந்துவிடுகிறது. ஆகையால் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது முழு அளவு காற்று வைக்க வேண்டும். ஓடியபிறகு அளவு ஏறியிருந்தால் திறந்துவிடக் கூடாது. அது தானாக ஏறும் என்று கணக்கிட்டுத்தான் டயரையே செய்கிறார்கள்.

இரண்டாவது தப்பு வேகம். இழுவை வண்டிக்கென்றே 'எஸ்.டி.' என்ற எழுத்தோடு தனி டயர்கள் உண்டு. பழைய டயர்களில் வேகக் குறி எதுவும் இல்லையென்றால் 65 மைல்தான் எல்லை. இப்போது வருகிறவற்றில் 'எல்' என்றால் 75 மைல், 'எம்' என்றால் 81 மைல். சாலைப் பலகை சொல்வது சாலைக்கு. நம் டயருக்கு அல்ல. கலிபோர்னியாவில் எந்த வண்டி எதை இழுத்தாலும் 55 மைல்தான் என்று சட்டமே இருக்கிறது.

மூன்றாவது தப்பு... இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இது முழுக்க என்னுடையது. எடை! எங்கள் டயர் ஒவ்வொன்றும் 65 அளவு காற்றில் 2,540 பவுண்டுதான் தாங்கும். பிறகு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முதலில் எல்லாச் சக்கரங்களையும், அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி நிறுத்துப் பார்த்தோம். நாலு சக்கரத்தின் மேலும் மொத்தம் 9,700 பவுண்டு. நாலால் வகுத்தால் 2,425, சரியாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கம் மட்டும் 5,160! அதாவது ஒரு டயருக்கு 2,580. இடது பக்கம் என்ன இருந்தது தெரியுமா? என் சமையலறை! வெட் கிரைண்டர், இரும்பு தோசைக்கல் இரண்டு, அரிசி மூட்டை இரண்டு, எவர்சில்வர் டப்பாக்கள், ஊறுகாய் ஜாடி. போதாததற்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல். 50 காலன் என்றால் 400 பவுண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. வயசான டயர், குறைந்த காற்று, கூடுதல் வேகம், கூடுதல் பாரம். நாலும் சேர்ந்தால் எந்த டயர்தான் தாங்கும்?

நாலு டயரையும் ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்று வெடித்தால் அதே பக்கத்து இன்னொரு டயர் அத்தனை பாரத்தையும் ஒற்றையாகச் சுமந்திருக்கும். அதை நம்பக் கூடாது. அதே அளவிலேயே ஒரு படி உறுதியானது, 'இ' ரகம் வாங்கினோம். காற்று 80 வைத்தால் 2,830 பவுண்டு தாங்கும். இருந்தாலும் வண்டி மொத்தம் எவ்வளவு சுமக்கலாம் என்ற எல்லை அதனால் கூடிவிடாது. ரிம்மும் வால்வும் 80ஐத் தாங்குமா என்று அந்த அம்மாள் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். புது டயர் என்று எதைக் கொடுத்தாலும் தேதியைப் பார்த்து வாங்கச் சொன்னார். கடையிலேயே வருஷக்கணக்கில் தூங்கிய டயராகவும் இருக்கலாமே! மாட்டிய பிறகு 50 மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். டயருக்கான செலவைவிடத் தரையைச் செப்பனிட்ட செலவு பல மடங்கு. காசு போனால் போகட்டும், குழந்தை முழுசாக வந்தாளே!

அன்று ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன். "நான் அந்த வெடிப்பைக் கோயில்லயே பார்த்தேங்க. சொல்லலை."

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னா நான் கேட்டிருப்பேனா?" என்றார். அது எனக்குச் சமாதானமா, அவருக்குத் தண்டனையா, தெரியவில்லை.

இப்போது எங்கள் வண்டியின் டயர் இலாகா என்னுடையது. வால்வு ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மூடி மாட்டியிருக்கிறோம். காற்றும் சூடும் எவ்வளவு என்று அது முன்னால் ஒரு பெட்டியில் காட்டிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து கார்களுக்கு இப்படி ஓர் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். இழுத்துப் போகும் வண்டிக்குக் கட்டாயம் இல்லை. நாம்தான் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் நிறுத்தியிருக்கும்போது சக்கரங்களுக்கு வெயில் படாமல் உறை போடுகிறேன். கிரைண்டர் வீட்டிலேயே இருக்கிறது. மாவு அரைத்து ஐஸ்பெட்டியில் எடுத்துப் போகிறேன். தண்ணீர்த் தொட்டியைத் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் நிரப்புகிறோம்.

நம் ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு இந்த வண்டி அவசியப்படாது. ஆனால் உங்கள் வீட்டுக் கார் டயரிலும், ஸ்கூட்டர் டயரிலும் அந்த நான்கு எண்கள் இருக்கும். ஒரு தடவை குனிந்து பாருங்கள். பழசாக இருந்தால், வெடிப்பு கண்ணில் பட்டால், 'உனக்குத் தெரியாது' என்று யார் சொன்னாலும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்குப் படிப்பு எதற்கு?

போன பிரயாணத்தின்போது எல்லாம் தயார் செய்துவிட்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "வாம்மா, ஒரு சுத்து பார்த்துட்டு வந்து ஏறு. நீ பார்த்தாத்தான் கிளம்புவேன்" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் எலுமிச்சம்பழத்தை வைத்தேன்.