ஏரியை அளந்த கதை

முதல் கட்ட ஜி.ஐ.எஸ். பயிற்சியை முடித்தவர்களுக்கு ஒரு தெம்பு வரும். சாட்டிலைட் படத்தைப் பின்னால் போடத் தெரியும், மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசத் தெரியும், வேறென்ன வேண்டும்? அந்தத் தெம்போடுதான் அவனும் இடைநிலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான். கையில் கடைசி வருட ப்ராஜெக்ட். சென்னைக்குத் தெற்கே ஒரு ஏரி, பழைய பதிவேட்டில் 200 ஏக்கர். க்யூஜிஐஎஸ்ஸில் கரையோரமாகப் புள்ளி வைத்து வரைந்து பரப்பளவு கேட்டான். 200 ஏக்கர் என்றது. ஏரி அப்படியே இருக்கிறது, ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டான்.

இடைநிலைப் பயிற்சி என்றால் புதுப்புது பட்டன்களாகச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். முதல் நாள் முழுக்க ஷேப்ஃபைல் புராணம். அது ஒரு ஃபைல் இல்லை, குறைந்தது மூன்று, நாலாவதாக பி.ஆர்.ஜே. என்று ஒன்று இருக்கும், அதை விட்டுவிட்டு பென்டிரைவில் கொடுத்தால் அந்த எண்கள் பூமியில் எந்த இடத்தைச் சொல்கின்றன என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது. பத்தி தலைப்பு 10 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். இப்படியே போனது. பாதிப் பேர் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் ப்ரொஜக்ஷன். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு பஃபர் போட 0.5 என்று அடித்தாள். லேயர் டிகிரியில் இருந்தது. ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் ஆயிற்றே, வட்டம் 55 கிலோமீட்டருக்கு விரிந்து அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் விழுங்கிவிட்டது. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அவள் செய்த தப்பு கண்ணுக்குத் தெரிகிற தப்பு. அவனுடையது அப்படி இல்லை.

இணையத்தில் வரும் சாட்டிலைட் படங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டரில், அதாவது 3857 என்ற எண்ணில் இருக்கும். அதன் மேல் வரைந்ததால் இவன் ஏரியும் அதே கணக்கில் பிறந்துவிட்டது. அந்த முறையில் நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக எல்லாமே ஊதிப் பெருகும். லண்டனில் ஒரு பூங்காவை அளந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் காட்டும், யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது, அதனால் கூடுவது 5 சதவீதம் சொச்சம்தான். சந்தேகமே வராத அளவு!

பயிற்சியாளர் இதைச் சொல்லும்போதே அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. அவசரமாக லேயரின் எண்ணை 32644 என்று மாற்றினான். ஏரி திரையை விட்டே காணாமல் போனது. தேடினால் பசிபிக் பெருங்கடலில் மிதக்கிறது. "தம்பி, பெயர்ப்பலகையை மாத்தினா வீடு மாறிடுமா? ரீப்ரொஜக்ட் பண்ணுங்க" என்றார் அவர். எண்ணை ஒட்டுவது வேறு, ஆயத்தொலைவுகளையே மாற்றிக் கணக்கிடுவது வேறு. ஒரே மாதிரி பெயருள்ள இந்த இரண்டு கட்டளைகளில் விழாதவர் குறைவு. 32644-ம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாக வெட்டுகிறது. சென்னையும் மதுரையும் 44-ஆம் மண்டலம், கோவை 43. கோவைக்காரர்கள் 32643 போட வேண்டும்.

முறைப்படி ரீப்ரொஜக்ட் செய்து மறுபடி அளந்தான். 190 ஏக்கர்.

மென்பொருள் எங்கேயும் பொய் சொல்லவில்லை. அவன் போட்டிருந்த ஏரியா ஃபார்முலா லேயர் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தத் தட்டைப் பரப்பைத்தான் தரும். டாலர் குறியோடு எழுதினால் ப்ராஜெக்ட்டில் குறித்திருக்கும் பூமியின் வளைவையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குறி வித்தியாசம். சிவப்பில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, வரவும் வராது. காணாமல் போன 10 ஏக்கரை 5 சதவீத வீக்கம் கச்சிதமாக மூடி மறைத்திருந்தது. இரண்டு எண்ணும் ஒத்துப்போனதால்தான் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அந்த 200 மட்டும் சரின்னு எப்படி தெரியும்?" என்று பஃபர் போட்ட பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து அளந்தது, நீர் நிறைந்த கரையா, மதகு மட்டமா, எதை எல்லையாக வைத்தார்கள் என்று பதிவேட்டில் இல்லை. அவனிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த அத்தியாயத்தை அழித்துவிட்டு, மொபைலில் ஜி.பி.எஸ்.ஸைப் போட்டுக்கொண்டு ஏரிக்கு பஸ் ஏறினான். வடக்குக் கரையில் லாரி லாரியாகக் கட்டிட இடிபாடு கொட்டிக் கிடந்தது.