நீரின் இசைவு

நீரைக் கண்ட மனிதன் கரையோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையாயின் காலை நனைத்துப் பார்க்கும், இளைஞனாயின் குதிப்பான், முதியவனாயின் படியில் அமர்ந்து கையால் அலையை அளைந்துகொண்டிருப்பான். நீரை உடம்பால் அறிய வேண்டும் என்னும் வேட்கை நமக்குள் என்றும் உள்ளது. தூண்டில் பிடித்தலும் அவ்வேட்கையின் ஓர் உருவமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தூண்டில்காரன் தன் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உலகத்தோடு ஒற்றை நரம்பினால் உறவு கொண்டு நிற்கின்றான்.

காவிரிப் பாசனத்து வாய்க்கால் ஒன்றின் கரையில், மூங்கிற் கழியும் மண்புழுவுமாகத் தொடங்கிய இப்பழக்கம், பிழைப்பைத் தேடிப் பெங்களூர் வந்த பின்னும் என்னை விட்டு நீங்கவில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், அமெரிக்காவில் வாழும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொதியை என் முன் வைத்து, "மாமா, இனி நீங்கள் கரையில் உட்கார வேண்டாம்" என்றான். பிரித்துப் பார்த்தேன். காற்றடைத்து மிதக்கவிடும் ஓர் இருக்கை. 'ஃப்ளோட் ட்யூப்' என்று அந்நாட்டார் அதனைச் சொல்கின்றனர்.

அதன் அமைப்பு எளியது. லாரி டயரின் உள்ளே இருக்கும் ட்யூபுக்குக் கித்தான் உறை தைத்து, நடுவே அமர ஒரு பட்டை கட்டிப் பயன்படுத்தியதே அதன் பழைய வடிவம். இன்று குதிரை லாடம் போல முன்புறம் திறந்த வடிவிலும், முனையில் கூடும் இரண்டு காற்றுக் குழல்களாகவும் செய்கின்றனர். அமர்ந்தவனின் கால்கள் முழங்காலுக்கு மேல்வரை நீருக்குள் இருக்கும். பாதங்களில் வாத்தின் காலைப் போன்ற துடுப்புச் செருப்பு. கைகள் தூண்டிற்கோலுக்கு உரியவை. செலுத்தும் வேலை முழுதும் கால்களுக்கு. காலை உதைத்தால் மிதவை பின்னோக்கிச் செல்லும். போகும் திசைக்கு முதுகு காட்டி, விட்டு வந்த கரையைப் பார்த்தபடியே செல்லும் பயணம் அது. முதுமைக்குப் பொருத்தமான ஊர்தி என்று நான் நகைத்தது நினைவிருக்கிறது.

நம் மொழியில் இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. 'புணை' என்னும் பழஞ்சொல் ஆயத்தமாகக் காத்திருக்கிறது. ஓடம் போலவோ பரிசல் போலவோ மனிதனை நீரினின்று பிரித்து வைக்காமல், நீரிலேயே அவனைத் தாங்கிக்கொள்வதற்குப் புணை என்ற பெயர் நன்கு பொருந்துகிறது.

புணை கிடைத்துவிட்டது; அதை இடுவதற்கு நீர் எங்கே என்பதே அடுத்த கேள்வி.

பெங்களூர் பேராற்றங்கரையில் எழுந்த நகரன்று. 1537-இல் கெம்பேகௌடர் கோட்டை கட்டியதாகச் சொல்லப்படும் இம்மேட்டு நிலத்தில் மக்கள் வாழ்ந்தது ஏரிகளால். ஓர் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தால் அந்நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும்; அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலி போல் கோத்த அந்த ஏரிகளுட் பல இன்று பெயரளவில் மட்டுமே உள்ளன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கோரமங்கலத்து ஏரி ஒன்றின் இடத்தில், 1997-இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் குடியிருப்புகள் எழுந்தன. புணை மிதக்க வேண்டிய இடத்தில் பேருந்துகள் மிதக்கின்றன.

எஞ்சியிருக்கும் ஏரிகளைத் தேடி, குறிப்பேடு ஒன்றைக் கையிற் கொண்டு புறப்பட்டேன். எந்த நீரில் இறங்கலாம், எதில் ஆகாது என்று எழுதிக்கொண்டு வந்தபோது, இறங்குவதற்கு மூன்று இசைவுகள் தேவை என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று.

முதலாவது சட்டத்தின் இசைவு. ஏரியின் கரை ஒரு துறைக்கும், நீர் மற்றொரு துறைக்கும், மீன் வேறொரு துறைக்கும் உரியவையாக இருப்பது இங்கே இயல்பு. நகராட்சி அமைப்பும், வளர்ச்சி ஆணையமும், சிறுபாசனத் துறையும் ஏரிகளைப் பங்கிட்டுக் காக்கின்றன. மீன்பிடிக்கும் உரிமையைப் பல ஏரிகளில் மீன்வளத் துறை குத்தகைக்கு விடுகிறது. ஓர் அலுவலகத்தில் நான் புணையின் படத்தைக் காட்டி விளக்கியபோது, அங்கிருந்த அன்பர் நெடுநேரம் அதனை நோக்கிவிட்டு, "இது படகா, நீச்சலா?" என்று வினவினார். படகாயின் ஒரு விதி. நீச்சலாயின் மற்றொரு விதி. இரண்டும் அல்லாத பொருளுக்கு விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் இசைவும் இல்லை. அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏரியில் யாரேனும் மூழ்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே அன்றோ?

ஆறுகளை நோக்கிச் செல்லலாமெனில் அங்கும் தடைகள் உள. காவிரியின் மயில்கெண்டை உலகத் தூண்டில்காரர்களிடையே பெரும் புகழ் பெற்றது. கபினியில் 1946-இல் பிடிபட்ட மீன் ஒன்று 120 பவுண்டு எடை கொண்டதாகப் பதிவாகியுள்ளது. திமிலுடைய அந்தப் பேரினம் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதால், சரணாலயத்துள் தூண்டிலிடுவது தடுக்கப்பட்டிருப்பது முறையே. மேலும், ஓடும் வெள்ளமும் முதலை உள்ள மடுவும் புணைக்கு ஏற்றவை அல்ல. மும்பையில் 1891-இல் அமைந்த பவாய் ஏரியில் தூண்டில்காரர்களுக்கெனச் சங்கமே உண்டு. ஆயினும் அவ்வேரியிலும் முதலைகள் வாழ்கின்றன. கரையிலும் படகிலும் அமர்ந்து மீன் பிடிப்பது ஒன்று. முதலை வாழும் நீரில் இரு கால்களையும் தொங்கவிட்டு அமர்ந்திருப்பது வேறொன்று.

இரண்டாவது, அந்நீரால் வாழ்பவரின் இசைவு. இதை எனக்கு உணர்த்தியவர் ராமநகரப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த மீனவர். நான் சென்றபோது அவர் நீரின் நடுவே இருந்தார். படகில் அல்ல, பஞ்சர் ஒட்டுகள் பல கண்ட லாரி ட்யூப் ஒன்றின்மேல் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் நீரைத் தள்ளிக்கொண்டு, வலையின் தக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தார். கடல் கடந்து வந்த என் புணையும் அவருடைய ட்யூபும் ஒரே குலத்தில் பிறந்தவை என்பதை அக்கணமே கண்டுகொண்டேன். ஒன்று பொழுதுபோக்காய் வளர்ந்தது. மற்றொன்று பசியாய் நின்றுவிட்டது.

கரையேறியவர் என் புணையைத் தொட்டுப் பார்த்து வியந்தார். லாரிகளெல்லாம் ட்யூப் இல்லாத டயருக்கு மாறி வருவதால் பழைய ட்யூப் கிடைப்பதே அரிதாகிவிட்டது என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: "சாமி, நீங்கள் ஆசைக்கு வந்திருக்கிறீர்கள்; அதில் தப்பில்லை. நீருக்குள் என் வலை சுவர் மாதிரி நிற்கிறது. உங்கள் காலில் மாட்டியிருக்கும் அந்த இறக்கை அதில் சிக்கினால் வலையும் போகும், நீங்களும் போவீர்கள். வலையை நான் தைத்துக்கொள்வேன். உங்களை என்ன செய்வது?"

அரசாங்க ஏடு எதிலும் எழுதப்படாத விதி அது; எழுதப்பட்ட பல விதிகளைக் காட்டிலும் பொருள் பொதிந்தது. அவர் மேலும் விளக்கினார். குத்தகைப் பணத்தை அவர் முன்னரே கட்டிவிட வேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட வேண்டும். மழை பொய்த்து ஏரி வற்றினால் குஞ்சும் போயிற்று, பணமும் போயிற்று. நான் விளையாட்டாகப் பிடிக்க எண்ணிய ஒவ்வொரு மீனும் அவர் கணக்கில் ஏற்கனவே ஒரு தொகை. நகரத்துத் தூண்டில்காரர் சிலர் இருட்டில் வந்து பிடித்துச் செல்வதையும், கேட்டால் ஏரி பொதுச்சொத்து என்று வாதிடுவதையும் அவர் சினமின்றியே எடுத்துரைத்தார்.

முடிவில் இசைவு கிடைத்தது, நிபந்தனைகளோடு. வலை எடுத்து உலர்த்தும் நாளில் மட்டுமே இறங்க வேண்டும். மதகுப் பக்கம் போகக் கூடாது. மிதப்புச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் நீர்மேல் மொய்க்கும் இடத்தில் தூண்டில் விழலாகாது. கீழே தாய் விரால் காவல் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் எல்லாம் பிறமீன்களுக்கு இரையாகிவிடும். பிடித்த மீனை அவர் மனைவியின் தராசில் வைத்து, சந்தை விலை கொடுத்தே கொண்டு செல்ல வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் நியாயமற்றதென்று யாரே கூறுவர்?

மூன்றாவது இசைவு நீரே தர வேண்டியது. இதுவே எல்லாவற்றினும் அரியது.

கரையிலோ படகிலோ அமர்ந்தவன் நீரின் முகத்தை மட்டும் பார்க்கலாம். புணையில் அமர்பவன் அதனோடு தோலால் பேசுகின்றான். எனவே நீரின் தூய்மையை அறிய இதைக் காட்டிலும் எளிய சோதனை வேறில்லை. 'என் கால்களை இரண்டு மணி நேரம் இதனுள் வைத்திருக்கத் துணிவேனா?' என்று கேட்டுக்கொண்டால் போதும். இக்கேள்வியோடு பெங்களூரைச் சுற்றி வந்தால் நெஞ்சம் கனக்கும். பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்தது. அதன் நுரை காற்றில் பறந்து சாலையில் விழுந்ததை நாடே கண்டது. நம் சங்கத்துக்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. கழிவு மிகுந்த நீரில் உயிர்வளி குறைந்துவிட்டால், மீனுக்கு அதனுள் வாழ்வேது? மீனுக்கே மறுக்கப்பட்ட இசைவை மனிதன் எங்ஙனம் பெறுவான்?

கோலார் மாவட்டத்து ஏரிகள் கண்ணுக்கு நிறைவானவை. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 முதல் குழாய் வழியே அங்கு இறைக்கின்றனர். நெடுங்காலம் வறண்டு கிடந்த ஏரிகள் நிறைந்தன. கிணறுகளில் நீர் ஊறியது. இது சிறு நன்மையன்று. ஆயினும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிற்காமல் மூன்றாம் நிலையும் வேண்டும் என்னும் குரல் அங்கே எழுந்த வண்ணம் உள்ளது. அத்தகைய ஏரி ஒன்றின் கரையில் ஒரு மாலை நின்றேன். நீர் பளபளத்தது, நாரைகள் மேய்ந்தன, புணையில் காற்றடைக்க என் கை எழவில்லை. அந்நேரத்தில் எனக்கு எதிரே ஓர் இளைஞன் ட்யூபின்மேல் மார்பைச் சாய்த்து, முகவாய் நீரில் தோய, வலை விரித்துக்கொண்டிருந்தான்.

அக்காட்சி என் தேடலின் பொருளையே மாற்றிவிட்டது. விளையாட்டுக்காகக் கால் நனைக்க நான் அஞ்சிய நீரில், சோற்றுக்காக மார்பு நனைத்துக் கிடக்கிறான் ஒருவன். வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் உரிமை எனக்கு உண்டு, அவனுக்கு இல்லை. நாம் பூங்கா வேலிக்கு வெளியே நடந்தவாறு ஏரியின் அழகைப் புகழ்கிறோம். அதன் அழுக்கைத் தோலில் வாங்கிக்கொள்பவன் அவன். அவன் உடம்புக்கு ஒவ்வாத நீர் எனக்கு மட்டும் எவ்வாறு ஒவ்வும்? அவனுக்கு நலம் தரும் நீராக அது மாறுமாயின் எனக்கும் நலமே. தூண்டில்காரனும் வலைக்காரனும் ஒருவர்க்கொருவர் பகைவர் என்று எண்ணுவது பேதைமை. இருவருக்கும் வேண்டுவது ஒரே நீர்.

இன்று என் குறிப்பேட்டில் ஏரிகளின் பெயர்கள் பல உள்ளன. மூன்று இசைவும் ஒருங்கே வாய்த்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை பெரும்பாலும் சாலையினின்று விலகி, மழைநீர் ஒன்றையே நம்பிய ஊர் ஏரிகள், கோடையில் வற்றிவிடுபவை, எந்த வரைபடத்திலும் பெரிதாகக் காட்டப்படாதவை. அவற்றின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவற்றை வெளியிடும் உரிமை, அவற்றைக் குத்தகை கொண்டோருக்கும் அவ்வூராருக்கும் உரியது.

ஆனால் தேடும் வழியை மட்டும் அன்பர்களுக்குச் சொல்லலாம். புதிய ஏரி ஒன்றைக் கண்டால் நான் இப்போது அறிவிப்புப் பலகையை முதலில் படிப்பதில்லை. நீரில் கிடந்து எழுந்து வரும் மீனவரை அணுகி வணங்கி, "அண்ணா, இந்தத் தண்ணீரில் இறங்கினால் உடம்பு அரிக்கிறதா?" என்று கேட்கின்றேன். அவர் சிரித்து, "இல்லை சாமி" என்றால் அங்கே உட்கார்ந்து பேசத் தொடங்குகிறேன். அவர் பதில் சொல்லாமல் தம் கைகளை நீட்டிக் காட்டினாரேயானால், புணையைப் பிரிக்காமலே திரும்பிவிடுகிறேன். அவ்வாறு நீட்டப்பட்ட கைகளை நான் நிறையவே பார்த்துவிட்டேன். நகரத்தில் வாழும் நம் வீட்டுக் குழாய்களிலிருந்து வழிந்தோடியதே அக்கைகளில் புண்ணாகி நிற்கிறது என்பதை மட்டும் நாம் மறவாதிருப்போமாக.