டிராக்டர் பார்க்கப் போன கதை

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆளைக் காணோமேன்னு ரெண்டு பேராவது நினைச்சிருப்பீங்கன்னு ஒரு நப்பாசை :-) வேற ஒண்ணுமில்லை மக்களே, டிராக்டர் பார்த்துட்டு இருந்தேன். எனக்குப் பொண்ணு பார்க்கப் போனதே மொத்தம் ரெண்டு வீடுதான். டிராக்டருக்குப் பதினோரு இடம்!

உடுமலைக்குப் பக்கத்துல அப்பா விட்டுட்டுப் போன நாலரை ஏக்கர் இருக்கு. மூணு ஏக்கர் தென்னை, இருநூறு மரத்துக்குக் கொஞ்சம் மேல. மீதி ஒண்ணரை ஏக்கர் மானாவாரிக் காடு. மழை வந்தா கொள்ளு, வராட்டி பார்த்தீனியம். அம்மா ரெண்டு மாட்டோட அங்கதான் இருக்காங்க. நான் கோவையில வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனி ஞாயிறு மட்டும் விவசாயி ஆகிற ரகம். ஊர்ல இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க, அது இங்க வேண்டாம்.

இவ்வளவு நாளா உழவுக்கெல்லாம் வாடகை வண்டிதான். பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் சொந்தமா 45 எச்.பி. வண்டி வெச்சு ஓட்டறார். அப்பா காலத்துலேர்ந்து அவர்தான். நல்ல மனுஷர், நியாயமான கூலி. ஒரே பிரச்சினை, மழை எல்லாருக்கும் ஒரே நாள்லதான் பெய்யுது.

2024 அக்டோபர்ல அதுதான் நடந்தது. வியாழக்கிழமை ராத்திரி நல்ல மழை. சனிக்கிழமை காலைல காட்டுல கால் வெச்சா மண்ணு பதமா இருக்கு, கொள்ளு விதை மூட்டையில இருக்கு, வண்டி மட்டும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டா, "ஏனுங் தம்பி, எனக்கு முன்னால பதினாலு பேரு நிக்கறாங்கோ"ன்னார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவர் வந்தது ஒன்பது நாள் கழிச்சு. அதுக்குள்ள மேல் மண்ணு காஞ்சு இறுகிப் போய், கலப்பை போட்டா பாளம் பாளமா பேந்துட்டு வந்தது. அடுத்த மழைக்குக் காத்திருந்து, அது வரும்போது களை முந்திக்கிச்சு. அந்த வருஷம் காடு சும்மா கிடந்தது. கொள்ளு போனாக்கூடப் பரவாயில்லை, மாட்டுக்குக் கொள்ளுக்கொடியும் இல்லாம போச்சு. அம்மா தன்னோட பென்ஷன் காசுல வைக்கோல் வாங்கிப் போட்டுட்டு, மூணு மாசம் எனக்குச் சொல்லவே இல்லை. பொங்கலுக்குப் போனப்போ போர் பெருசா இருக்கேன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது.

அன்னிக்கு முடிவு பண்ணினேன், சொந்தமா ஒரு வண்டி.

தங்கமணிகிட்ட சொன்னேன். அவங்க கணக்குல புலி. பேப்பரை எடுத்தாங்க. 4.5 ஏக்கர், வருஷத்துக்குச் சராசரியா 5 ஓட்டு, ஏக்கருக்கு ஒண்ணேகால் மணி நேரம்னு வெச்சா 28 மணி. மணிக்கு 1,100 ரூபாய். மொத்தம் 31 ஆயிரத்தைத் தொடலை. புது வண்டி, ரோட்டவேட்டர், கலப்பை எல்லாம் சேர்த்தா ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. ஒம்பது வட்டி போட்டாலே வருஷத்துக்கு 60 ஆயிரத்துக்கு மேல. "வட்டிக் காசுல ரெண்டு டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கலாமே"ன்னாங்க. வாயடைச்சுப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கணக்குக்கு என்கிட்ட பதில் இல்லை. நாலு அஞ்சு ஏக்கர் வெச்சிருக்கவங்க யாராவது டிராக்டர் வாங்கினா லாபம்னு சொன்னா, பக்கத்துக் காட்டுக்கு வாடகைக்கு ஓட்டறாரான்னு கேளுங்க. இல்லைன்னா லாபம் இல்லை. வேளாண் பொறியியல் துறை வண்டியையே உழவன் செயலி வழியா வாடகைக்கு எடுக்கலாம், அதையும் யோசிச்சேன். ஆனா எனக்கு வேண்டியது மலிவான உழவு இல்லை, மழை பெஞ்ச மூணாம் நாள் உழவு. அதுக்குத்தான் அந்த ஏழு லட்சம்.

முதல் ஷோரூம்ல நுழைஞ்சப்ப எனக்கு ஆசை பெருசு. கண்ணு நேரா 45 எச்.பி. மேல. "சார், பின்னாடி தேவைப்படும் சார், டிப்பர் இழுக்கலாம், மட்டை அரைக்கலாம்"னு அந்தப் பையன் ஏத்தி உட்கார வெச்சுட்டான். அந்த உயரத்துல உட்கார்ந்து பார்த்தா கோவை மாவட்டமே நம்மளுது மாதிரி ஒரு நினைப்பு வருது பாருங்க!

தோட்டத்துக்கு வந்து டேப் வெச்சு அளந்தப்ப இறங்கிடுச்சு. தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி. மரத்தைச் சுத்தி வட்டப்பாத்தி ஆறடி ஆரம், உரம் வைக்கறதும் தண்ணி விடறதும் அதுக்குள்ளதான், உறிஞ்சற வேரும் பெரும்பாலும் அங்கதான் மேலாக்க ஓடுது. ரெண்டு மரத்துக்கும் ஆறாறு அடி விட்டா நடுவுல மிச்சம் 13 அடி. ஆறடி ரோட்டவேட்டரை மாட்டின பெரிய வண்டி நேரா போகும்போது ஒண்ணும் ஆகாது. கடைசி மரத்துல திரும்பும்போதுதான் பாத்திக்குள்ள ஏறும், வேரை அறுக்கும், சொட்டு நீர்க் குழாயையும் சேர்த்து. வாடகை வண்டி வந்துட்டுப் போன ஒவ்வொரு தடவையும் நாலு இடத்துல குழாய் ஒட்டினது ஏன்னு அப்பதான் உறைச்சுது. போதாக்குறைக்கு ஒண்ணரை ரெண்டு டன் கனம் ஈர மண்ணுல ஏறினா அடி மண்ணு கெட்டி தட்டிடும்.

அப்புறம் நேர் எதிர்ப் பக்கம் போனேன். பவர் டில்லர். 13 எச்.பி., விலை பாதிக்கும் கீழ. டெமோ காட்டினவர் கையில கொடுத்தார். அரை மணி நேரம் பின்னாலேயே நடந்துட்டு, வரப்புல உட்கார்ந்து டீ கிளாஸை வாங்கினா கை ஆடற ஆட்டத்துல பாதி டீ சட்டையில. எனக்கு வயசு 47. வேண்டாம் சாமி.

நடுவுல இருக்கறது குட்டி டிராக்டருங்க. 15 எச்.பி.யில மஹிந்திரா யுவராஜ், ஸ்வராஜ் 717. 24 பக்கம் வந்தா குபோடா பி2441. இங்க நான் கத்துக்கிட்ட ஒரு விஷயம், ஷோரூம்ல சொல்ற எச்.பி. இன்ஜினோடது. பின்னால சுத்தற பி.டி.ஓ. தண்டுல வர்றது அதைவிடப் பத்துப் பதினஞ்சு சதவீதம் குறைவு. ரோட்டவேட்டரைச் சுத்தறது அந்த மிச்சம்தான். அதனால அதைக் கேளுங்க. எத்தனை கிலோ தூக்கும்னு கேளுங்க. வண்டி லேசா இருந்தா நாலு சக்கரமும் இழுக்கறதா பாருங்க, இல்லைன்னா ஈரத்துல சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். சீட்டு, லைட்டு, போனெட் டிசைன் பத்தி அவங்களே சொல்லுவாங்க.

நடுவுல பழைய வண்டி ஆசையும் வந்தது. மூணரை லட்சத்துல 35 எச்.பி. வண்டியெல்லாம் தாராபுரம் பக்கம் கிடைக்குதுன்னாங்க. எனக்கு வண்டி பத்தி என்ன தெரியும்? தெரிஞ்ச ஒரே ஆள் வாடகை அண்ணன். நான் வாங்கினா அவருக்கு வருஷம் 31 ஆயிரம் போகுது. அவரையே கூப்பிட்டு வண்டி பார்த்துக் கொடுங்கன்னு கேக்கறது என்ன நியாயம்? ரெண்டு வாரம் தயங்கிட்டு, தென்னைக்கு ஓட்ட வந்த அன்னிக்குக் கேட்டேவிட்டேன். துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே, "மழை பேஞ்சா எனக்கு அம்பது போனு வருதுங் தம்பி. திட்டறதுல ஒருத்தராச்சும் குறையட்டும், வாங்கிப் போடுங்க"ன்னார்.

அவரோட போனது ஒரு படிப்பு. முதல் இடத்துல வண்டிக்காரர் சிரிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணப் போனார். அண்ணன் போனெட்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "காலையிலயே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்கீங்களே"ன்னார். ஜில்லுனு இருக்கற இன்ஜின் ஒரே சாவியில பிடிக்குதாங்கறதுதான் பார்க்க வேண்டியதாம். அப்புறம் ஓடிட்டிருக்கும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தார். புகை குப்புகுப்புன்னு வந்துது, பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். கலப்பையைத் தூக்கி வெச்சு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, "வாங்க டீ சாப்ட்டு வரலாம்"ன்னார். திரும்பி வந்தா கலப்பை தரையில கிடக்குது. ஹைட்ராலிக் போச்சு.

ரெண்டாவது வண்டி இன்ஜின் நல்லாத்தான் இருந்தது. ஆர்.சி. புத்தகத்துல பழைய கடன் கணக்கு ரத்தாகலை. "லோன் எப்பவோ கட்டியாச்சுங்க"ன்னு வாய் வார்த்தை. கடன் கொடுத்தவங்க தடையின்மைச் சான்று கேட்டா நாளைக்கு, நாளன்னிக்கு. அண்ணன் கண்ணால ஜாடை காட்டினார், கிளம்பிட்டோம். அப்படி ஒரு வண்டி வாங்கி ஆறு மாசத்துல பறிகொடுத்தவர் அவர் ஊர்லயே இருக்காராம்.

திரும்பி வரும்போது பஸ்ல அவரோட இடது கையைப் பத்திக் கேட்டேன். இத்தனை வருஷமா பார்க்கறேன், மூணு விரல் கிடையாது, கேட்டதே இல்லை. வாலிபத்துல வேற ஒருத்தர் வண்டியில டிரைவரா இருந்தப்ப, கதிரடிக்கற மிஷின்ல பி.டி.ஓ. தண்டு மேல இருக்கற உறை உடைஞ்சு போய் மாத்தாம ஓட்டிட்டு இருந்தாங்களாம். தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது நொடிக்கு ஒன்பது. தோள்ல கிடந்த துண்டு நழுவி மாட்டுச்சு. இழுக்கப் போனது அனிச்சையா இடது கை. "துண்டை விட்டுப்போடணும்னு நெனைக்கறதுக்குள்ள முடிஞ்சுது தம்பி"ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "தென்னங்கட்டை புடுங்கறேன்னு சங்கிலியை மேல டாப் லிங்க்ல மாட்டிப் போடாதீங்க, வண்டி முன்னால தூக்கி உங்க மேலயே உழுகும். கீழ கொக்கியிலதான் மாட்டோணும்"ன்னார்.

இதுல ஒரு வரலாறு இருக்கு. அந்தக் காலத்துல கலப்பை ஏதாவது பாறையில சிக்கினா டிராக்டர் மல்லாந்து ஓட்டறவரை நசுக்கிடுமாம். ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடிச்ச மூணு முனை இணைப்பு அதைப் பெருமளவு தடுத்தது. 1938ல ஹென்றி ஃபோர்டும் அவரும் கை குலுக்கினதோட சரி, பத்திரம் கூட எழுதாம, அடுத்த வருஷமே அந்த இணைப்போட வண்டி வந்துடுச்சு. இன்னிக்கு நம்மூர்ல ஓடற எல்லா டிராக்டர் பின்னாலயும் இருக்கறது அதோட வாரிசுதான். ஆனா சங்கிலியைத் தப்பான இடத்துல மாட்டினா ஃபெர்குசனாலயும் காப்பாத்த முடியாது.

கடைசியில புதுசுதான். 24 எச்.பி., நாலு சக்கரமும் இழுக்கறது, மூன்றரை அடி ரோட்டவேட்டர், அஞ்சு கலப்பை. கம்பெனி பேர் சொல்லலை, விளம்பரம்பீங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லேர்ந்து 5 சதவீதம் ஆனதுல எனக்கு 35 ஆயிரத்துக்கு மேல மிச்சம். சோம்பேறித்தனமா தள்ளிப் போட்டதுக்குக் கிடைச்ச கூலி :-) மீதிக்குத் தங்கமணியோட நகை உள்ள போயிருக்கு. அவங்களே கழட்டிக் கொடுத்தாங்க, அந்தப் பேப்பரையும் சேர்த்து பீரோவுல வெச்சுட்டாங்க, எப்ப வேணா எடுப்பாங்க.

வண்டி வந்த அன்னிக்கு அண்ணனும் வந்திருந்தார். ரோட்டவேட்டரை மாட்டின மெக்கானிக் பையன் தண்டோட உறையை ஓரமா வெச்சுட்டு, "இது எதுக்கு சார், கிரீஸ் அடிக்க இடைஞ்சல்"ன்னான். எங்க அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்னிக்குப் பார்த்தேன். உறையை மாட்டின அப்புறம்தான் சாவியை என் கையில கொடுக்க விட்டார்.

அக்டோபர்ல மழை வந்தது. ரெண்டு நாள் லீவு போட்டு மூணாம் நாள் காட்டுல இறங்கினேன். ஒண்ணரை ஏக்கருக்கு ரெண்டரை மணி நேரம். சால் எல்லாம் மாடு ஒண்ணுக்குப் போன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. வரப்புல நின்ன அம்மா எதுவும் சொல்லாம விதையை வீசிட்டே வந்தாங்க. அண்ணன் அந்த வழியா இன்னொரு காட்டுக்குப் போனவர் வண்டியை நிறுத்திப் பார்த்துட்டு, "கொள்ளுக்கு நேர்சால் எதுக்குங், மொளைச்சா சரி"ன்னுட்டுப் போனார். மட்டை அரைக்க என் வண்டி பத்தாது, அதுக்கு அடுத்த வாரம் அவர்தான் வர்றார்.

கொள்ளு முளைச்சுது. மீட்டர்ல இப்ப 41 மணி நேரம் காட்டுது. அம்பதுல முதல் ஆயில் மாத்தணுமாம்.