குலப் பெருமையும் பாட்டியின் பெயரும்

ஒருவரை முதன்முறை சந்திக்கும்போது “பூர்வீகம் எது?” என்றும், சற்றுப் பழகியபின் தணிந்த குரலில் “நீங்கள் என்ன ஆள்?” என்றும் வினவுவது நம்மவரிடம் இன்னும் ஒழியாத வழக்கமாயிருக்கின்றது. கடல் கடந்து வந்து தலைமுறைகள் பல சென்றும் இவ்வினா மட்டும் சாகவில்லை. எனின், முன்னோரை நினைப்பதே குற்றமோ? இதனை ஆராய்வதற்கு அமெரிக்க மாதர் சங்கமொன்றின் சரித்திரம் நமக்குப் பெரிதும் பயன்படும்.

பிரிட்டிஷ் ஆட்சியினின்று விடுதலை பெற அமெரிக்கர் நடத்திய போரில் ஈடுபட்டோரின் வழித்தோன்றல்கள் 1889-இல் ஒரு சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டே அதில் பெண்களுக்கு இடமில்லையென்று தீர்மானித்தனர். மேரி லாக்வுட் என்னும் அம்மையார் வெகுண்டார். அதே ஆண்டு ஜூலை மாதம் வாஷிங்டன் நகரப் பத்திரிகையில் ஹன்னா ஆர்னெட் என்பவளின் கதையை எழுதினார். பகைவரிடம் பணிந்து உயிர் பிழைக்கலாமென்று கணவனும் நண்பர்களும் ஆலோசித்தபோது, அவர்கள் நடுவே புகுந்து இடித்துரைத்து மனத்தை மாற்றியவள் அவள் என்பர். அத்தகையோருக்கு மரியாதை இல்லையா என்பதே லாக்வுட் அம்மையாரின் கேள்வி. அதன் விளைவாக 1890 அக்டோபர் 11-ஆம் நாள் பதினெண்மர் கூடி ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்னும் சங்கத்தை நிறுவினர். ஜனாதிபதி ஹாரிஸனின் மனைவியார் கரோலைன் அம்மையார் முதல் தலைவியானார்.

இச்சங்கம் வெறும் பெருமை பேசிக் காலங்கழிக்கவில்லை. 1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது, சுமார் 1,000 தாதியரைத் தேர்ந்து இராணுவத்திற்கு அனுப்பிற்று. குடியேறி வந்த ஏழைகளுக்குப் பல மொழிகளில் கைந்நூல் அச்சிட்டு வழங்கிற்று. வமிச ஆராய்ச்சிக்கென்றே பெரிய நூல்நிலையம் அமைத்தது.

பதிவேடுகளோடு நாள்தோறும் மல்லாடும் தோட்டக் கிராணியாகிய நமக்கு, அச்சங்கத்தின் விதியொன்று பெருவியப்பைத் தந்தது. உறுப்பினராக விரும்புகின்றவள் தன்னிலிருந்து அம்முன்னோர்வரை ஒவ்வொரு தலைமுறையையும் பத்திரங்கொண்டு நிரூபித்தல் வேண்டும். அம்முன்னோர் துப்பாக்கி ஏந்தியவராயிருக்க வேண்டியதில்லை. சேனைக்கு உணவுப்பொருள் கொடுத்தவராயினும் போதும், பெண்ணாயினும் தகும்.

நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் குலப் பெருமையை ஒரு நாழிகை நேரம் சலியாது சொல்ல வல்லவர். கப்பலேறி இந்நாட்டிற்கு வந்து, பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த அவருடைய பாட்டியாரின் பெயர் என்னவென்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தபின், “அப்பாயி என்றுதான் கூப்பிடுவோம்” என்றார். சாதி ஏழு தலைமுறை வாழ்ந்திருக்கின்றது. உழைத்தவளின் பெயர் இரண்டு தலைமுறைகூட வாழவில்லை!

பத்திரத்தைப் போற்றிய அப்புதல்வியரையும் பிறப்புச் செருக்கு விடவில்லை. வாஷிங்டனில் அவர்களுக்குரிய பெருமண்டபத்தில் வெள்ளையரே கச்சேரி செய்யலாமென்று விதித்திருந்தனர். 1939-இல் கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் அம்மையாருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார், இவ்வநீதியைப் பொறாமல் சங்கத்தினின்று விலகினார். ஏப்ரல் 9-ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாட, 75,000 மக்கள் திரண்டு கேட்டனர். 1943-இல் அதே மண்டபத்தில் அவர் பாடினார்.

ஆயினும் சங்கத்தின் உட்கதவு திறக்க நெடுங்காலமாயிற்று. 1977-இல் கேரன் ஃபார்மர் என்னும் கறுப்பினப் பெண்மணி தம் வமிசத்தைப் பத்திரங்களால் நிரூபித்து உறுப்பினரானார். பின்னர் சங்கமே பழைய ஏடுகளைத் துருவி, போரில் பங்குகொண்ட கறுப்பினத்தாரும் செவ்விந்தியருமாகிய 6,600-க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் திரட்டி 2008-இல் நூலாக வெளியிட்டது. எந்த வமிசக் கணக்கு பிறரை விலக்கும் மதிலாயிற்றோ, அதனையே நேர்மையாகத் தேடியபோது மறக்கப்பட்டோரும் வெளிப்பட்டனர்.

இதிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இதுவே. முன்னோர் எவ்வளவு உயர்ந்தவர் என்று பேசுவது வீண். அவர் என்ன செய்தார் என்று எழுதிவைப்பது கடமை. பாட்டியின் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால், இந்நாட்டிலேயே பிறந்த பேரப்பிள்ளை குடியுரிமைக்காக அலைவதை நம் அலுவலக வாசலில் கண்டிருக்கின்றோம். அங்கே சாதிப் பெருமை எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை.

நேயர்களே! நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் மாதர் சங்கங்கள் பல உள. அவை கோலப்போட்டியோடு நில்லாமல், இருக்கின்ற மூதாட்டியர் ஒவ்வொருவரையும் கண்டு, பெயர், வந்த கப்பல், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். வீட்டிலுள்ள பழைய பத்திரங்களைப் படியெடுத்து வைக்கட்டும். அந்த ஏட்டில் சாதிக்கென்று ஒரு பத்தி வேண்டாம். மூதாட்டியர் காத்திருக்கமாட்டார்கள், இவ்வாரமே தொடங்குக.